நூற்றேழுக்கு எங்கள் வீட்டு முறை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் காலை வழிபாட்டுக்கு வரிசையாக நின்றிருந்தார்கள். கைப்பேசியை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது எங்கள் தலைமையாசிரியையின் கண்டிப்பு. அன்றைக்கு மறந்துபோய்க் கைப்பையோடு கொண்டுவந்திருந்தேன். பைக்குள் அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால், என் மகனோடு தினமும் திருச்சிக்குப் பேருந்தில் போகிற அவன் நண்பன்.

“அத்தை, பதறாதீங்க. கீரனூர் பஸ் ஸ்டாண்டுல நம்ம ஸ்டேஷன் போலீஸ் வந்து இவனை பஸ்ஸவிட்டு எறக்கிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்காம். நூத்தியேழு மேட்டருன்னாங்க.”

பதறாதீங்க என்று ஒருவர் தொடங்கினால் அதற்குப் பிறகு சொல்வது எதுவும் காதில் சரியாக விழாது. “எந்த நூத்தியேழு?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மைதானத்தில் பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்தை ஆரம்பித்திருந்தார்கள். அது முடியும்வரை அசையாமல் நின்றேன். இன்றைக்கு நினைத்தால், ஏன் நின்றேன் என்று புரியவில்லை. பழக்கம்தான்.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். ஒரே மகன், துவாக்குடிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

நூற்றேழு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஓர் ஊரில் சண்டை வரும் என்று காவல்துறைக்குத் தோன்றினால், இன்னின்னாரிடம் அமைதி காப்பதாக எழுதி வாங்குங்கள் என்று கோட்டாட்சியருக்கு அறிக்கை அனுப்புவார்கள். கோட்டாட்சியர், ஊர் வாயில் ஆர்.டி.ஓ., வருவாய்த் துறை அதிகாரி. பட்டா மேல்முறையீடு, சாதிச் சான்றிதழ், புயல் நிவாரணம் எல்லாம் அவர் பார்வையில்தான். இந்த வேலைக்காக அவருக்கு நிர்வாக நடுவர் என்று இன்னொரு பதவிப் பெயரும் உண்டு. அவர் முன்னால் போய் நின்று, ஓராண்டுக்கு எந்தத் தகராறும் செய்யமாட்டேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது சட்டப் புத்தகம் மாறி, அந்தப் பிரிவின் எண்ணும் மாறிவிட்டது. எங்கள் ஊர் வாயில் அது இன்னும் நூற்றேழுதான்.

எங்கள் ஊர் ஆவூர் பக்கம். பழைய மிஷன் கோயிலைச் சுற்றி இரண்டு தெரு. இரண்டு தெருக்காரர்களும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தாம். ஆனாலும் திருவிழாவன்று சப்பரம் நாற்சந்தியில் திரும்பும்போது முன்தண்டுக்கு எந்தத் தெரு தோள் கொடுப்பது என்பதில் வருடா வருடம் மல்லுக்கட்டு. ஒரு வருடம் சப்பரம் நடுச்சந்தியிலேயே இறக்கிவைக்கப்பட்டு, மாதா விடியும்வரை மின்விளக்கோடு அங்கேயே நின்றார். அதிலிருந்து திருவிழாவுக்குக் கொடியேறும் முன்னே நூற்றேழு வந்துவிடும். தெருவுக்கு இத்தனை பேர் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

யார் போடுவது? இதில்தான் எங்கள் ஊர் தனக்கென்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டது. சண்டை போடுகிறவர்கள் யாரும் போடமாட்டார்கள். விசாவுக்குக் காத்திருப்பவன், ஏற்கெனவே வழக்கு உள்ளவன், குடித்தால் கை நீளும் என்று தெருவுக்கே தெரிந்தவன், இவர்களை விலக்கிவிட்டு, மற்ற வீடுகள் முறை வைத்துக்கொண்டன. தலைக்கட்டு வரி மாதிரி இந்த வருடம் இந்த வீடு, அடுத்த வருடம் அடுத்த வீடு. கையெழுத்துக்குப் போகிறவர்களுக்குத் தெருச் செலவில் வேன். திரும்பி வரும்போது பரோட்டாவும் சால்னாவும்.

இந்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. முறைக்கணக்கு வைத்திருப்பவர் என் கணவரின் பெரியப்பா மகன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார்.

“இந்தா பாரு ஆத்தா, ஒங்க வீட்டு முறை. நீ டீச்சரு, போட முடியாது. தம்பி ஓமன்ல கெடக்கான். மகனை அனுப்பி வையி.”

“அத்தான், அவன் சப்பரம் தூக்குற அன்னிக்கே லீவு கெடைக்காம கடைசி பஸ்ஸுக்குத்தான் வருவான். அவனுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?”

“அதானே வேணும். சண்டைப் பக்கமே வராதவன் கையெழுத்துதான் நல்ல கையெழுத்து. சண்டைக்காரன் போட்டா பத்திரம் மறுநாளே ஒடஞ்சு போகும்ல?”

அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எல்லோருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. மகன் வேனில் போனான், கையெழுத்துப் போட்டான், பரோட்டா தின்றான். ‘இன்று முதல் நான் அமைதிப் புறா’ என்று எழுதி, கோட்டாட்சியர் அலுவலக வாசலில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தான். மஸ்கட்டிலிருந்து அவன் அப்பா சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

திருவிழா நல்லபடியாக முடிந்தது. பிறகு சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு மாலை, பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில், “ஒங்க தெருக்காரனுக்கு மாதா தோளே குடுக்கலையாடா, பவுடர் போடத்தான் குடுத்துச்சா?” என்று யாரோ யாரையோ கேட்டிருக்கிறார்கள். பெஞ்சு உடைந்தது, ஒருவனுக்கு உதடு கிழிந்தது. என் மகன் அங்கே இருந்தான். பாய்ந்துபோன நண்பனை இடுப்பைப் பிடித்து இழுத்ததாகச் சொன்னான். யாரோ கைப்பேசியில் எடுத்த சில விநாடிப் படத்தில் அவன் கை மேலே உயர்ந்திருந்தது. காவல்துறை வந்தபோது அடித்தவர்கள் ஓடிப்போயிருந்தார்கள். இவன் உடைந்த பெஞ்சைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அந்த இடத்தில் இருந்தவன் யார் என்று பார்த்தால், அவன் ஒருவன்தான்.

அதற்கு ஒரு நோட்டீஸ் வந்தது, பதில் எழுதிக் கொடுத்தான். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம்.

கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தாழ்வாரம் முழுக்கக் கூட்டம். கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் வாங்க வந்த பெண்கள், பட்டாவில் பெயர் மாற்ற வந்த ஒரு கிழவர், ஏதோ மணல் லாரி விவகாரத்துக்காக வந்த இரண்டு பேர். கோட்டாட்சியர் உள்ளே ஆட்சியரோடு காணொளிக் கூட்டத்தில் இருந்தார். சுவரோரப் பெஞ்சில் ஒரு காவலருக்குப் பக்கத்தில் என் மகன் உட்கார்ந்திருந்தான். நான் காலையில் கட்டிக் கொடுத்த தயிர்சாத டப்பா மடியில் இருந்தது. யாரும் அவனை அடிக்கவில்லை, விலங்கு மாட்டவில்லை. இருந்தாலும் அவனைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் ஓடினேன்.

“அம்மா, கம்பெனிக்கு ஒரு போன் பண்ணிரு. ஒடம்பு சரியில்லைன்னு சொல்லு. சொல்லாம லீவு போட்டா கணக்குல வச்சிருவாங்க.”

அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அங்கே நின்றிருந்த எங்கள் காவல் நிலைய உதவி ஆய்வாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

“டீச்சர், ஒளிக்காம சொல்றேன். பத்திரம் முடிய இன்னும் ஏழு மாசம் கெடக்கு. மீறிட்டான்னு ஆர்.டி.ஓ. சார் ஆர்டர் போட்டா, அந்த ஏழு மாசமும் திருச்சி ஜெயில்தான். ஜாமீன்கிற பேச்செல்லாம் இதுல கெடையாது.”

“அவன் அடிக்கலைங்க.”

“அதை அவர்கிட்ட சொல்லுங்க. நான் ரிப்போர்ட் குடுத்துட்டேன், என் வேலை முடிஞ்சுது.”

ஏழு மாதம். பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருடந்தோறும் பத்தாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போடுவேன். சட்டம் இயற்றுவது ஒன்று, நடைமுறைப்படுத்துவது ஒன்று, மீறப்பட்டதா என்று தீர்ப்பது ஒன்று. ஏன் மூன்றையும் ஒருவரிடமே கொடுக்கக்கூடாது என்று ஐந்து மதிப்பெண் கேள்வி. அதிகாரம் குவியும், தன் செயலைத் தானே தீர்ப்பது நியாயமாகாது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். நான் சரி போடுவேன். அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாடம் எனக்கு முதல்முறையாக உடம்பில் உறைத்தது. திருவிழாவுக்கு முன் அமைதிக் கூட்டம் நடத்தியது அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர். பத்திரம் கேட்டது அவர். காவல்துறை அறிக்கை போவது அவரிடம். அவரும் காவல்துறையும் ஒரே ஆட்சியருக்குக் கீழே ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்கள். பத்திரம் மீறப்பட்டதா என்று சொல்வதும் அவர், எத்தனை மாதம் உள்ளே என்று எழுதுவதும் அவர். என் கட்டங்களில் இரண்டு இங்கே ஒரே மேசையாக இருந்தன.

மூன்றாவது கட்டமும் சற்று நேரத்தில் வந்து சேர்ந்தது. அத்தான் மூச்சிரைக்க வந்தார். கையில் கைப்பேசி.

“எம்.எல்.ஏ.வோட ஆளுகிட்ட பேசிட்டேன். ஆர்.டி.ஓ.வுக்குப் போன் போடச் சொல்லியிருக்கேன். நீ ஒண்ணும் பேசாத. அழுதா அழு, அது தப்பில்லை. வக்கீல் கிக்கீல்னு எவனையும் உள்ள விட்டுறாத. சட்டம் பேசினா ஆபீஸருக்குக் கோவம் வரும்.”

“வக்கீலுக்குச் சொல்லிட்டேன் அத்தான். வந்துக்கிட்டிருக்கு.”

“சொல்லிட்டியா? கெட்டுச்சு போ.”

எங்கள் பள்ளித் தமிழாசிரியையின் மகள் கீரனூரில் வக்கீலாக இருந்தாள். வரும் வழியில் பேருந்திலிருந்தே அவளுக்குப் பேசியிருந்தேன். “கையெழுத்து எதுவும் போட வேணாம்னு சொல்லுங்க டீச்சர். நான் வர்ற வரைக்கும்” என்றாள். மஸ்கட்டிலிருந்து கணவர் அழைத்தார். அங்கே வேலை நேரம், பின்னால் இயந்திரச் சத்தம். “அண்ணன் சொல்றதைக் கேளு” என்றார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அழைத்து, “வக்கீல் சொல்றதைக் கேளு” என்றார். அவருக்கு அங்கே என்ன தெரியும்? எனக்கே இங்கே தெரியவில்லை.

காணொளிக் கூட்டம் முடிந்து எங்களைக் கூப்பிட்டார்கள். வக்கீல் இன்னும் வரவில்லை. கோட்டாட்சியருக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து ஆட்சியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது. தேநீர்க் கடைப் படத்தைக் கைப்பேசியில் ஒருமுறை பார்த்தார்.

“இந்தக் கை உன்னோடதுதானே தம்பி?”

“ஆமா சார். அவனைப் பிடிச்சு இழுத்தேன். கை நழுவி மேல போச்சு.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “டீச்சர், எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உங்க பையனை உள்ள வைக்கணும்னு எனக்கு ஆசையா? ஒண்ணு செய்யலாம். பத்திரத்தை மீறினது தப்பு, இனிமே நடக்காதுன்னு எழுதிக் கொடுக்கட்டும். எச்சரிச்சு அனுப்பிடறேன். நாளைக்கு வேலைக்குப் போகட்டும்.”

கதவோரம் நின்ற அத்தான் இரண்டு கையையும் கூப்பினார். என் கை கைப்பைக்குள் பேனாவைத் தேடியது. அந்த நேரத்தில் அந்த மனிதரைவிட நல்லவர் உலகத்தில் யாருமில்லை என்று எனக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

“நான் மீறலை சார்” என்றான் மகன்.

“டேய், எழுதுடா.” வகுப்பில்கூட நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“எழுதினா அது எப்பவும் இருக்கும்மா. நாளைக்கு டீக்கடையில எவன் எவனை அடிச்சாலும், இவன் ஏற்கெனவே ஒத்துக்கிட்டவன்னு சொல்லி என்னையத்தான் பஸ்ஸவிட்டு எறக்குவாங்க. ஒவ்வொரு தடவையும் நீ வந்து சார்கிட்ட அழுவியா?”

“ஏழு மாசம்டா.”

“தெரியும்மா.” அவன் மெதுவாகத்தான் சொன்னான். அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கோட்டாட்சியரின் முகம் மாறியது. “நல்லதுக்குச் சொன்னா இப்படியா? சரி, அப்ப நான் என் வேலையைப் பார்க்கிறேன்” என்று கோப்பை இழுத்தார். பேனா மூடியைத் திறந்தார். “அவன் சின்னப்பய சார், நான் எழுதித் தர்றேன், அவனுக்காக நான் எழுதித் தர்றேன்” என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். எழுதியிருப்பேன். வெள்ளைத் தாள் கேட்டேன் என்றுகூட ஞாபகம்.

அப்போது கதவு திறந்தது. ஒரு கையில் தலைக்கவசம், இன்னொரு கையில் மடித்த கறுப்புக் கோட்டு. வெயிலில் வண்டி ஓட்டி வந்த வக்கீலின் முகம் சிவந்து கிடந்தது. வந்ததும் வணக்கம் சொல்லி, கோட்டைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து சில தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“சார், ஹைகோர்ட் தீர்ப்பு. அமைதிப் பத்திரத்தை மீறினதா சொல்லி ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பற அதிகாரம் நிர்வாக நடுவருக்கு இல்லை. போலீஸ் ஜுடீஷியல் மாஜிஸ்ட்ரேட்கிட்டதான் போகணும். அங்க சாட்சி விசாரிச்சு அவங்கதான் முடிவு பண்ணணும்.”

“இது எங்களுக்கு சர்க்குலரா வரலையேம்மா.”

“சர்க்குலர் வராட்டியும் தீர்ப்பு தீர்ப்புதான் சார்.”

“நான்தான் விட்டுடறேன்னு சொல்றேனே. விடறதுக்கும் எனக்கு அதிகாரம் இல்லைங்கிறீங்களா?”

“விடறதுக்கு நன்றி சார். ஆனா மீறினேன்னு எழுதி வாங்கிட்டுல்ல விடறீங்க? மீறினானா இல்லையாங்கிறதுதான் கேள்வியே. அந்தக் கேள்வியே இங்க வரக்கூடாதுன்னு சொல்றாங்க.”

மேசைமேல் கோட்டாட்சியரின் கைப்பேசி மினுக்கியது. அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்: போன் வந்துவிட்டது. கோட்டாட்சியர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். தாள்களைப் படிக்க ஆரம்பித்தார். அவர் அதைப் படிக்காமல் தள்ளியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, வேண்டுமானால் மேலே போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மேலே போய்க் கேட்டு உத்தரவு வருவதற்குள் என் மகன் எத்தனை நாள் உள்ளே இருந்திருப்பான்? மதுரையில் இருக்கும் நீதிமன்றத்தின் ஒரு வாக்கியம், இந்த அறையில் இருக்கும் ஒரு மனிதர் அதைப் படிக்கச் சம்மதித்தால்தான் உயிர் பெறும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவர் படித்தார். சில வரிகளைத் திரும்பப் படித்தார். பிறகு பேனாவை மூடினார்.

“கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார் உதவி ஆய்வாளரிடம். “மீறினான்னு உங்களுக்குத் தோணினா ஜே.எம். கோர்ட்ல மனு போடுங்க. இதுல நான் எதுவும் எழுதலை.” என்னிடம் திரும்பி, “எழுதிக் கொடுத்திருந்தா இந்நேரம் வீட்டுக்குக் கெளம்பியிருப்பீங்க டீச்சர். அங்க எப்படியோ, எனக்குத் தெரியாது” என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மையும்கூட. நல்ல மனம் படைத்த ஒருவர் கையில் என் மகன் இருந்தான், அவர் விட்டிருப்பார். அவருக்கு அடுத்து வருகிறவர்? அவரே இன்னொரு நாள், ஆட்சியரிடம் திட்டு வாங்கிய இன்னொரு காலையில்? இந்தக் கேள்விகள் அன்றைக்கு எனக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்கு அந்த வக்கீல் பெண்மீது கோபம்தான் வந்தது. கையில் இருந்ததைப் பிடுங்கி எங்கோ எறிந்துவிட்டாளே என்று.

வெளியே வந்ததும் அத்தான் வெடித்தார். “ஒன் மகன் காந்தி, இந்தப் பொண்ணு சுப்ரீம் கோர்ட்டு. நல்லா இருக்கு ஒங்க கூத்து! எம்.எல்.ஏ. ஆளுகிட்ட சொல்லி வச்ச போனெல்லாம் வீணு.”

“பெரியப்பா, டீக்கடையில அடிச்சவனை இங்க கூட்டிக்கிட்டு வந்திருந்தீங்கன்னா போனே வேணாம்” என்றான் மகன். அத்தான் தன் பைக்கில் எங்கள் பின்னாலேயே நீதிமன்றம் வரைக்கும் வந்தார்.

நீதித்துறை நடுவர் நீதிமன்ற வளாகத்தில் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். நடுவருக்கு வேறு ஒரு நீதிமன்றமும் கூடுதல் பொறுப்பு. அங்கே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். உதவி ஆய்வாளர் மனுவை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மகன் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டான். புளித்துப்போயிருக்கும், ஒரு பருக்கை விடவில்லை. பக்கத்தில் இருந்த காவலருக்கு ஊறுகாயை நீட்டினான். அவரும் எடுத்துக்கொண்டார்.

நீதிமன்றம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவள் இல்லை நான். என் ஆசிரியர் நியமனத்துக்குக் கல்வி அலுவலகம் ஒப்புதல் தரவில்லை என்று வழக்குப் போட்டோம். ஜெயித்தோம். அலுவலகம் மேல்முறையீடு செய்தது. மறுபடி ஜெயித்தோம். அந்தத் தீர்ப்பை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்த மட்டும் மகன் எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்துவிட்டான். நீதிபதி எழுதலாம், ஆனால் சம்பளப் பட்டியலைப் போடுகிற கை அவருடையது இல்லை. அந்த வருடங்களில் நான் நீதித்துறைக்கு அதிகாரம் போதாது என்று நினைத்தேன். வேறு சில சமயம், ஒரு தடையாணையால் பணி நியமனமே நின்றுபோன இளம் ஆசிரியர்கள் எங்கள் பள்ளியில் வந்து அழுதபோது, அதிகாரம் மிஞ்சிப்போயிற்று என்று நினைத்தேன். யாருக்கு எவ்வளவு என்பதை என் வசதிக்கேற்ப அளந்திருக்கிறேன் போலும். அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அளக்கத் தோன்றவில்லை. பிடிக்கிற கையும் பூட்டுகிற கையும் வேறு வேறாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஒரு பிள்ளை நின்று மூச்சு விடலாம், தான் என்ன செய்தேன் என்று சொல்லலாம். அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. ஆனால் அந்தத் தூரத்தில் நிற்கும்போது இவ்வளவு பயமாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

இதற்குள் மகனின் பட்டறையிலிருந்து மேற்பார்வையாளர் அழைத்தார். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். இருபத்தைந்து வருட ஆசிரியப் பணியில் பிள்ளைகள் இப்படிச் சொன்ன காய்ச்சல்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

“டீச்சர், இங்க ஒருவேளை ரிமாண்டுன்னு சொன்னா?” என்று நானே வக்கீலிடம் கேட்டேன். பதற்றத்தில், எல்லோரும் என்னைக் கூப்பிடுகிறபடியே அவளைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“சொல்ல முடியாதுன்னு நெனைக்கிறேன். ஆனா உறுதியா எதுவும் சொல்லமாட்டேன் டீச்சர். அவங்க முடிவு. நான் எழுதிக் கொடுக்கக் கூடாதுன்னு சொன்னது சரியான்னு எனக்கும் காலையிலேருந்து யோசனையாத்தான் இருக்கு.”

அப்போதுதான் அவள்மீது இருந்த கோபம் போயிற்று.

வெயில் சாய்ந்து, எழுத்தர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு கார் வளாகத்துக்குள் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நடுவர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கசங்கிய கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே விறுவிறுவென்று உள்ளே போனார். எங்களைக் கூப்பிட்டார்கள். நான் கடைசி வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உட்கார்ந்து, மனுவைப் படித்து, கோட்டாட்சியர் அலுவலகத்தில் வக்கீல் காட்டிய அதே தாள்களை வாங்கிப் பார்த்தார். பிறகு உதவி ஆய்வாளரைக் கேட்டார்.

“காலையில இருந்து இவரை எந்த உத்தரவுல வச்சிருக்கீங்க?”

“ஆர்.டி.ஓ. முன்னாடி ஆஜர்படுத்தினோம் மேடம்.”

“அவர் உத்தரவு போட்டாரா?”

“இல்லைங்க மேடம்.”

அவர் எதையோ எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி, என் மகனை நேராகப் பார்த்தார்.

“மனுவை வாங்கிக்கிறேன். தேதி சொல்வாங்க. அவங்க சாட்சியைக் கொண்டுவரட்டும், நீங்களும் உங்க பக்கத்தைச் சொல்லுங்க. அதுவரைக்கும் உங்களை வச்சிருக்க இவங்களுக்கு அதிகாரம் இல்லை, ஆர்.டி.ஓ.வுக்கும் இல்லை. விசாரிக்காம உள்ள வைக்க எனக்கும் இல்லை. நீங்க போகலாம்.”